பிசிறு வெட்டுகிற மைனி

எங்கள் தாராவிச் சந்தில் எல்லாருக்கும் அவள் மைனிதான். அவள் வீட்டுக்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் இவள் மைனி ஆனாள். திருநெல்வேலிப் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தானே கூப்பிடுவோம்? என் அப்பாவுக்கும் மைனி, எனக்கும் மைனி, இன்றைக்கு என் மகளுக்கும் மைனி. முறைப்படி பார்த்தால் அப்பாவும் நானும் என் மகளும் கூடப்பிறந்தவர்களாக இருக்க வேண்டும். யாரும் முறைப்படி பார்க்கவில்லை. மராத்தியில் அக்காவைத் 'தாயி' என்பார்கள். எதிர்வீட்டு மராத்திக்காரர்கள் மைனி என்பதே அவள் பெயர் என்று நினைத்து 'மைனிதாயி' ஆக்கிவிட்டார்கள். அவளுடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. அதை வாசிக்க அவளுக்குத் தெரியாது.

வாசிக்கத்தான் தெரியாது. பேச்சென்றால் தமிழ், ஹிந்தி, மராத்தி மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. பிறந்ததே பம்பாயில். எக்ஸ்போர்ட் கம்பெனிச் சட்டைகளை மூட்டையாக வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை வெட்டுவது அவள் பிழைப்பு. சின்னக் கத்தரி ஒன்று கயிற்றில் கழுத்தில் தொங்கும். சந்தில் யாருக்காவது ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வார்டு ஆபீஸ் என்று எங்கே போக வேண்டியிருந்தாலும் மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டுக் கத்தரியோடு கிளம்பிவிடுவாள். எங்களுக்காகப் பேச வேண்டுமே! எங்கள் ஆட்களின் லட்சணம் அப்படி. சத்தமாகச் சொன்னால் தமிழே ஹிந்தி ஆகிவிடும் என்பது என் அப்பாவின் எண்ணம். பால்காரரிடம் "நாளைக்கு ரெண்டு லிட்டர்" என்று தமிழில் சொல்வார். அவருக்குப் புரியாவிட்டால் அதையே தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். அதே அப்பா நாயை விரட்டும்போது மட்டும் சுத்தமான ஹிந்தியில் "சல் ஹட்" என்பார். எங்கள் சந்தில் எல்லாரும் அப்படித்தான். பிள்ளைகளைத் தமிழில் கொஞ்சுவோம், தமிழில் கும்பிடுவோம், நாய்க்கு ஹிந்தி. தமிழில் விரட்டினால் பம்பாய் நாய் போகாது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

என் அம்மாவுக்கு நாயிடம் பேசுகிற ஹிந்திகூடக் கிடையாது. 'தெரியாது' என்பதற்கான "நஹி மாலும்" என்ற ஒன்றை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டினாள். யார் என்ன கேட்டாலும் அதுதான் பதில். அதனால் அம்மாவுக்கு நிரந்தர வாய் மைனிதான்.

ஆனால் மைனி ஒரு நாளும் சொன்னதைச் சொன்னபடி சொன்னதில்லை.

இதை நான் கண்டுபிடித்தது பதினாலு வயதில். அம்மாவுக்குச் சர்க்கரை. நன்றாயிருக்கிறதே என்று மாத்திரையை அவளாகவே நிறுத்திவிட்டுத் தலைசுற்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர் ஹிந்தியில் கத்தினார். "மண்டையில மூளை இருக்கா இல்லையா? சாகணும்னா வீட்டுலயே சாகட்டும், எதுக்கு இங்க வந்து என் நேரத்தை வீணாக்கறது? காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னால. சொல்லுங்க அந்தம்மாகிட்ட!"

மைனி அம்மாவின் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "டாக்டர் ரொம்ப வருத்தப்படுதாவ அக்கா. உங்க உடம்பு நல்லாயிருந்தாத்தான் அவுகளுக்கு நிம்மதியாம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பாட்டுக்கு முன்னால. விட்டுறக் கூடாதாம்."

இவ்வளவு நயமான பேச்சுக்கு அம்மா சொன்ன பதில்: "பேதியில போவான்! நேத்துப் பொறந்த பய, என்ன பேச்சுப் பேசுதான்!"

மைனி டாக்டரைப் பார்த்துக் கைகூப்பி, "சின்ன வயசுலயே எவ்வளவு அக்கறைன்னு சொல்றாங்க சாப், உங்க அம்மா குடுத்து வச்சவங்களாம்" என்றாள். டாக்டர் திகைத்துப் போய்ப் பேனாவை மூடித் திறந்தார். அப்புறம் எழுந்து வந்து அம்மாவின் காலைத் தூக்கி, புண் ஏதும் இருக்கிறதா என்று அவரே குனிந்து பார்த்தார். அம்மாவின் அந்த ஏச்சு மட்டும் எனக்கு அன்றைக்குப் புரியவே இல்லை. மைனி வாயில் நல்ல வார்த்தையாக வந்ததைக் கேட்டுவிட்டு ஏன் திட்டுகிறாள்? சரி, அம்மாவின் வாய் அப்படி என்று விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் மைனியைப் பிடித்துக்கொண்டேன். "அவர் அப்படியா சொன்னார்? எனக்கு ஹிந்தி தெரியும் மைனி!"

"மாத்திரைக் கணக்க மாத்துனேனா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நேரத்த மாத்துனேனா?"

"இல்ல."

"பின்ன என்னட்டி? சட்டையில பிசிற வெட்டுதேன், துணிய வெட்டுதேனா? அது மாதிரிதான் இதுவும்" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கப் போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் வெட்டுவதைக் கவனிப்பதே எனக்குப் பொழுதுபோக்கு ஆகிவிட்டது. குழாயடியில் எங்கள் அம்மாவுக்கும், பாபி, அதாவது அண்ணி, என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு உத்தரப் பிரதேசத்துக்காரிக்கும் ஒரு நாள் சண்டை. "என் குடத்த நகட்டுனவ கை வெளங்காமப் போகும்" என்று அம்மா தமிழில் கத்தினாள். நடுவில் நின்ற மைனி, "கனமான குடம், தூக்கினா உனக்குக் கை வலிக்குமேன்னு கவலைப்படறாங்க" என்று ஹிந்தியில் சொன்னாள். "இவ நாக்குல புழு விழ" என்றாள் பாபி. "பல்லு வலின்னு சொன்னீங்கள்லா, கிராம்பு வச்சுக்கிடச் சொல்லுதா" என்றாள் மைனி. சண்டை போடுகிறவர்களுக்கு எதிர்ச்சத்தம் வேண்டும். அது வராவிட்டால் சொந்தச் சத்தம் தனக்கே அசிங்கமாகக் கேட்க ஆரம்பித்துவிடும் போல. இரண்டு பேரும் நாலு தடவை கத்திவிட்டு, அவரவர் குடத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பாபி அம்மாவின் குடத்தைத் தன் கையாலேயே முன்னால் நகர்த்தி வைத்தாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் என் பக்கெட் சரிந்து பாதித் தண்ணீர் கொட்டிப்போனது.

என் கல்யாணப் பேச்சு வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விக்ரோலியில் நான் வேலை பார்த்த ஆபீஸில் கூட வேலை பார்த்தவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றேன். மராத்திக்காரர், செம்பூரில் வீடு. அப்பா அப்போது இல்லை. முடிவெல்லாம் அம்மா கையில். அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கடைசியில், "அவன் ஆத்தாளைக் கூட்டிட்டு வரச் சொல்லு, பாக்கேன்" என்றாள். அவளை அந்த அளவுக்கு இறக்கியதும் மைனிதான்.

அவர் தன் அம்மாவோடு ஒரு மாலையில் வந்தார். அந்த அம்மாவை இப்போது நான் ஆயி என்று கூப்பிடுகிறேன். எங்கள் வீட்டில் கீழே ஒரு அறை, ஏணியில் ஏறினால் மேலே ஒரு அறை. ஆயி சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா ஒரு குடும்பமே இருக்கு?" என்று மராத்தியில் கேட்டார். செம்பூரில் அவர்களுக்கும் ஒரு ரூமும் கிச்சனும்தான், என்னமோ அரண்மனையிலிருந்து இறங்கி வந்த மாதிரி! "வீடு கச்சிதமா இருக்குங்காவ" என்றாள் மைனி. "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மிதான்" என்றார் ஆயி. "முகலட்சணம் நல்லாருக்குங்காவ." அம்மா மூக்கை விடைத்துக்கொண்டு, "இவ மகன் மட்டும் உரிச்ச வெங்காயம் மாதிரியா இருக்கான்?" என்றாள். "உங்க பையனும் பாக்க லட்சணமா இருக்கார்ன்னு சொல்றாங்க" என்று அங்கே போனது. நான் ஏணிப் பக்கம் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் ஆயிக்கும் தமிழ் தெரியாது. இரண்டு பக்கமும் புரிந்தது எனக்கும் மைனிக்கும் மட்டும் என்றுதான் நினைத்தேன்.

அம்மா கேசரியும் முறுக்கும் தட்டில் வைத்து நீட்டினாள். காலையிலிருந்து அடுப்படியில் நின்று செய்தது. ஆயி டீயை மட்டும் எடுத்துக்கொண்டு, "இன்னைக்கு வேண்டாம்" என்று தட்டைத் தள்ளி வைத்தார். அம்மா இன்னொரு தடவை நீட்டினாள். இன்னொரு தடவை தள்ளினார்.

அவ்வளவுதான். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "என் வீட்டுல கை நனைக்காதவ வீட்டுக்கு என் பிள்ள எதுக்கு? குடுக்க மாட்டேன்னு சொல்லு மைனி. எந்திரிச்சுப் போகச் சொல்லு."

ஒரு மாதமாகக் கட்டிக் காத்தது ஒரு தட்டுக் கேசரியில் போயிற்றே! மைனியைப் பார்த்தேன். வெட்டுவதற்கு இதில் பிசிறு எங்கே இருக்கிறது? முழுக்கத் துணி. அவள் கை கழுத்துக் கத்தரியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் சுவரெல்லாம் அலைந்தது.

சுவரில் ரேஷன் கடைக்காரர் கொடுத்த மராத்தி காலண்டர். அவளுக்கு வாசிக்கத் தெரியாதே தவிர, கட்டத்தில் குட்டிப் பிள்ளையார் படம் போட்டிருந்தால் சதுர்த்தி என்று தெரியும். அன்றைய கட்டத்தில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். மராத்திக்காரர்கள் அன்றைக்கு நாள் முழுக்க விரதம் இருந்து, நிலா பார்த்த பிறகுதான் சாப்பிடுவார்கள். ரவை, அரிசி எதுவும் தொடமாட்டார்கள். இது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று ஆயி நினைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மைனி ஆயியின் பக்கம் திரும்பி மராத்தியில் சொன்னாள். "சதுர்த்தின்னு தெரியாம தானியப் பலகாரத்தை வச்சுட்டேன், மனசுல வச்சுக்காதீங்கன்னு சொல்றாங்க தாயி. வெறும் வாயோட அனுப்ப மாட்டாங்களாம். ஒரு பழமாவது எடுத்துக்கணுமாம்."

சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெருமுனை வண்டியில் வாழைப்பழம் வாங்கி மூச்சிரைக்க வந்து ஆயியின் கையில் வைத்தாள். ஆயி முகம் இளகிவிட்டது. பழத்தை உரித்து, பாதியாக ஒடித்து, ஒரு பாதியை அம்மாவிடம் நீட்டினார். மைனி அம்மாவின் காதருகே குனிந்தாள். "விரதமாம் அக்கா. உங்க வீட்டுப் பழத்த மட்டும் எடுத்துக்கிடுதேன்னு சொல்லுதாவ. பத்து நாளுல நாள் பாத்துச் சொல்லட்டுமான்னு கேக்காவ."

ஆயி அப்படி எதுவும் கேட்கவில்லை.

அம்மா கையில் இருந்த அரைப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை வாயில் போட்டுக்கொண்டு, "சரின்னு சொல்லு" என்றாள். அந்தச் சரி, "பத்து நாளுல நாள் பாத்துச் சொல்லுங்கன்னு கேக்கறாங்க" என்று மராத்தியில் ஆயிக்குப் போனது, ஆயி தலையாட்டினார்.

அவர்கள் போன பிறகு மைனி என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "பிசிற வெட்டுதேன்னு துணிய வெட்டிட்டேன்ட்டி. மாட்டேன்னு சொன்னத சரின்னு ஆக்கிட்டேன். நாளைக்கு உனக்கு அங்க ஒண்ணுன்னா நான்லா பதில் சொல்லணும்?"

"எனக்கும்தான் புரிஞ்சுது மைனி. நானும்தானே சும்மா இருந்தேன்."

"நீ கட்டிக்கிடப் போறவ, சும்மாதான் இருப்ப. நான் நடுவுல உள்ளவ."

கல்யாணம் நடந்தது. அன்றைக்குப் பிடித்த பயம் மைனியை விடவே இல்லை. நான் தாராவிக்கு வரும்போதெல்லாம், வாசலிலேயே என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "நல்லா வச்சிருக்கானா? மெய்யாச் சொல்லு" என்பாள். எனக்குக் கோபம்கூட வரும். "எத்தனை தடவைதான் கேப்ப?" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு மூன்று வருஷம் பிள்ளை இல்லாதபோது, முருகனைத் தவிர வேறு யாரையும் ஏறிட்டுப் பார்க்காதவள், மாதாமாதம் காலண்டரில் பிள்ளையாரைத் தேடிச் சதுர்த்தி விரதம் இருந்தாள். அதையும் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு தடவை நான் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். "என் அம்மாகிட்ட இந்தத் தொனியில பேசாதே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல, நான் பத்து வார்த்தை சொல்லியிருந்தேன். இருவருக்கும் ஹிந்தி நன்றாகத் தெரியும். அதனால்தான் சண்டை அவ்வளவு நன்றாக வந்தது! அந்த இரண்டு நாளும் மைனி சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் கத்தரியோடு வந்து, "எந்திரி" என்றாள். செம்பூர் வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "இவளுக்குத் திமிர்" என்று அவர் ஹிந்தியில் சொன்னார். மைனி என்னிடம் திரும்பி அதே ஹிந்தியில், "நீ இல்லாம வீடு வீடா இல்லன்னு சொல்றார்" என்றாள். "எனக்குக் காது கேக்குது மைனி" என்றேன். "நான் அப்படிச் சொல்லலையே" என்று அவர் பதறினார். "அவசரத்துல விட்டுப்போச்சு, நான் சேத்துக்கிட்டேன்" என்றாள். அவர்தான் முதலில் சிரித்தார்.

இதெல்லாம் பழைய கதை. அண்ணாச்சி காலமாகி, மைனி மகனோடு தேவ்நாருக்குக் குடிபோய்விட்டாள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆயியும் அவளும் சேர்ந்து டிவியில் ஒரு மராத்தி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு வசனத்துக்கு ஆயி சிரிப்பதற்கு முன்பே அம்மா சிரித்துவிட்டாள்.

நான் சப்பாத்திக் கட்டையோடு வந்து நின்றேன். "அம்மா, உனக்கு மராத்தி புரியுமா?"

"முப்பது வருசமா மராத்திக் கோளிக்காரிகிட்ட மீன் வாங்குதேன். அவகிட்டத் தமிழ்லயா பேரம் பேசுனேன்?"

"ஹிந்தி?"

"அதுவுந்தான்."

"பின்ன எதுக்கு நஹி மாலும், நஹி மாலும்னு..."

"தெரியும்னு சொன்னா ரேஷன் கடையில நான்லா போய் நிக்கணும்?"

"அன்னைக்கு அந்த டாக்டர் கத்தினது?"

"புரியாமலா பேதியில போவான்னு ஏசுனேன்?"

சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்தேன். "என்னைப் பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கு? கொடுக்க மாட்டேன்னு நீ சொன்னதை மைனி மாத்தினது?"

அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ மாத்துவான்னு தெரிஞ்சுதான சொன்னேன்" என்றாள். "கோவத்துல வந்துட்டு. சொன்ன வாயால நானே மாத்திச் சொல்ல முடியுமா? அந்தப் பொம்பள பழத்தப் பிச்சுக் குடுக்கா, எனக்கு என்ன செய்யன்னு தெரியல. மைனி மாத்திட்டா. நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்."

"பதினஞ்சு வருஷமா அவ பயந்துக்கிட்டே கெடக்காம்மா! உன்னை ஏமாத்திட்டோம்னு. எனக்கு ஏதாவது ஆனா தன் தலையிலதான்னு."

அம்மாவுக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது, முகத்தைப் பார்த்தேனே. ஆயி எங்களை மாறி மாறிப் பார்த்தார். அம்மா முந்தானையை உதறி எழுந்தாள். "தேவ்நாருக்கு எந்த பஸ்ஸு போகும்?" என்றாள்.

தேவ்நார் வீட்டில் மைனி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். ரொம்ப இளைத்துப் போயிருந்தாள். கழுத்தில் கத்தரி இல்லை. காது ரொம்ப மந்தமாகிவிட்டது, பக்கத்தில் குனிந்து சொன்னால்தான் கேட்கும் என்று மருமகள் சொன்னாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டி என் முகத்தைத் திருப்பினாள். "நல்லா வச்சிருக்கானாட்டி?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். வழியெல்லாம் என்ன சொல்ல நினைத்துக்கொண்டு வந்தாளோ, வாயில் வந்தது இதுதான். "ஏ களவாணி மூதி! என் வாயில வந்த வார்த்தைய மாத்திச் சொல்ல உனக்கு எவ அதிகாரம் குடுத்தா? என்னையக் கேணச்சின்னு நெனச்சிட்டியா? ஒரு வார்த்த என்கிட்டக் கேட்டியா நீ? இத்தன வருசமா மனசுக்குள்ள வச்சிக்கிட்டுச் செத்தியா?" சொல்லச் சொல்ல அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

மைனி அம்மாவின் வாயசைவைப் பார்த்து மிரண்டு போனாள். கையைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்கம்மா என்ன சொல்லுதா? தெரிஞ்சு போச்சா?"

நான் அவள் காதருகே குனிந்தேன். "அன்னைக்கே தெரியுமாம் மைனி. அம்மாவுக்கு மராத்தி புரியுமாம். நீ மாத்திச் சொன்னது அவ்வளவும் கேட்டுட்டுத்தான் சரின்னு சொன்னாளாம்."

"மெய்யாவா?"

"மெய்யா. இது துணி மைனி. இதுல நான் கை வைக்கல."

நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அம்மா இன்னும் நிறுத்தவில்லை.

"இப்ப என்னத்துக்குக் கத்துதா?"

"நீ இல்லன்னா என் பிள்ளைக்கு இந்த வாழ்வே இல்லன்னு சொல்லுதா."

மைனி அம்மாவின் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கு விடைத்திருந்தது. மைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கம்மாவாவது, அப்படிச் சொல்லுததாவது!" என்றாள். "ஆனா நல்லா வெட்டுதட்டி."

அம்மா பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்தாள். ஒன்றைப் பிய்த்து, உரித்து, பாதியாக ஒடித்து, ஒரு பாதியை மைனியின் கையில் வைத்து அழுத்தினாள்.

"தின்னு மூதி" என்றாள்.

மைனி இந்தத் தடவை என் பக்கம் திரும்பவில்லை. வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.